ரூபன் ஸ்கார்த்தின் நடை

இரவு பதினொரு மணி இருக்கும். கடலோரச் சாலை. ஸ்டெய்ன்விக் மேட்டில் கடைசி பஸ் ஓர் ஆளை இறக்கிவிட்டு, வட்டமடித்துத் திரும்பிப் போய்விட்டது. பஸ்ஸின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும்... ஒன்றுமில்லை. இருட்டு. கீழே கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும். கூழாங்கற்களை வாரி இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

அந்த ஆளின் கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார். பொட்டலத்தின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் அம்புரோஸ் கெல். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற ஹில்டாவின் தாய்மாமன். அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. கரண்ட் இனிமேல் காலையில்தான் வரும். இன்னும் நெருங்கி உட்காருங்கள். சொல்கிறேன்.

அம்புரோஸ் நடிகர். கதாநாயகன் இல்லை, கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடுகிறவர். பட்லர், போலீஸ்காரர், பாதிரியார், குடிகாரர், பிணம். வாழ்நாள் முழுக்க அதுதான். இந்த நாட்டில் அவர் மேடையேறாத ஊர் இல்லை, சினிமாவிலும் வந்துவிட்டுப் போவார். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் யாராவது ஓர் அம்மாள் உற்றுப் பார்ப்பாள்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே... கேஸ் ஆபீஸ்லயா?"

"ஆமாங்க, கேஸ் ஆபீஸ்தான்" என்பார் அம்புரோஸ்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். எப்படியென்றால், மனிதர்களிடமிருந்து எடுப்பார். மூக்குச் சிந்துகிற விதம் பிடித்துப்போய் ஒரு கிழவரின் பின்னாலேயே தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். ஹில்டாவின் அம்மா, அதாவது அவருடைய சொந்த அக்கா, சாகக் கிடந்தபோது அவர் கட்டில் காலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அந்த அம்மாளின் விரல்கள் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி இழுத்தனவாம். அடுத்த வசந்தத்தில் லீட்ஸில் ஒரு நாடகம். மாமா அதில் சாகிற பாட்டனார். ஹில்டா போயிருந்தாள். "எங்கம்மாவோட விரல மாமா கையில பாத்தேன்" என்றாள் என்னிடம். "சனங்க கைதட்டுனாங்க. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

இருந்தாலும் மாமாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அவரோடுதான் இருந்தாள். அவருக்கு வேறு நாதி இல்லை. அவளுக்கும் இல்லை.

அறுபதை நெருங்குகிற வயதில் அம்புரோஸுக்கு ஒரு வேஷம் வந்தது. சினிமா. மகனைக் கடலில் பறிகொடுத்த கிழட்டு மீனவன். நாலே காட்சி, வசனமும் குறைவு. ஆனால் படம் முடிந்த பிறகும் மனதில் நிற்கப்போவது அந்தக் கிழவன்தான் என்று படித்த உடனே தெரிந்துவிட்டது. அப்படியொரு வேஷம் இன்னொரு முறை வராது என்பதும் தெரிந்தது. படப்பிடிப்புக்கு முன்னால், நவம்பரில், யாரிடமும் சொல்லாமல் ஸ்டெய்ன்விக் என்ற மீனவ ஊருக்குப் போனார். நெஞ்சுச் சளிக்குக் கடல்காற்று நல்லதென்று டாக்டர் சொன்னார் என்று அங்கே ஒரு பொய்.

தங்கியது ஹன்னா ஸ்கார்த் என்பவளின் வீட்டில். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த பெண். சமையலறையில் அடுப்போரமாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அதுல மட்டும் உக்காராதீங்க மிஸ்டர் கெல்" என்றாள் முதல் நாளே. "மத்தபடி உங்க வீடு மாதிரி இருந்துக்கங்க."

நாற்காலி அவள் புருஷன் ரூபனுடையது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. ரூபனுடையது ஒதுங்கவில்லை. "செத்துட்டாரு" என்று அவள் சொல்ல மாட்டாள். "அவரு இன்னும் வரல" என்பாள்.

அம்புரோஸ் கேட்க ஆரம்பித்தார். எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார், தேநீரை எப்படிக் குடிப்பார். ஹன்னா சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது.

"இந்த ஊர்ல யாரும் அவரைப் பத்திக் கேக்க மாட்டாங்க. கடல்ல போனவன் பேரை எடுத்தாலே மொகத்தத் திருப்பிக்குவாங்க. நீங்கதான் கேக்குறீங்க."

ரூபனுக்கு இடது தோள் தாழ்ந்திருக்கும். ஒரு கால் லேசாக, ஒரு கால் அழுத்தமாக விழும். பேசுவதற்கு முன்னால் தொண்டைக்குள் "ம்..." என்று ஒரு முனகல். கையில் எப்போதும் வலையோ கூடையோ இருக்கும் என்பதால் கதவைத் தாழ்வாக, முழங்கால் உயரத்தில், விரல் முட்டியால் இரண்டே தட்டு.

அம்புரோஸ் எழுந்து நடந்து காட்டுவார். "இப்படியா?"

"தோள் இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அப்படித்தான்" என்று ஹன்னா சிரிப்பாள். சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு நாள் அந்தி. ஹன்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அம்புரோஸ் பரணில் கிடந்த ரூபனின் பூட்ஸை மாட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து அவனுடைய நீலக் கம்பளிச் சட்டையையும் எடுத்தார். ஹன்னா தன் கையால் பின்னியது. கடலில் போனால் ஆளை அடையாளம் தெரியவேண்டுமென்று விளிம்பில் புருஷனின் பெயரெழுத்துகளைப் பின்னியிருந்தாள். கேட்காமல்தான் எடுத்தார். கொல்லை வழியாகப் போய், படகுத்துறையிலிருந்து வீட்டைப் பார்த்து நடந்து வந்தார். லேசாக ஒன்று, அழுத்தமாக ஒன்று. கல் பாவிய சந்தில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

கதவு திறந்தது. ஹன்னா ஓடி வந்தாள். செருப்பில்லை. கையெல்லாம் மாவு. "ரூபன்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

அருகில் வந்துதான் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே ஈரக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் கூனிக்குறுகிப் போயிருப்பார்கள். அம்புரோஸ் மன்னிப்புக் கேட்டார், கைகொடுத்துத் தூக்கினார், எல்லாம் செய்தார். ஆனால் அவர் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாய் முதலில் சின்னப் பெண்ணின் வாயாக மாறியதையும் பிறகு ஓர் ஓரமாகத் தொய்ந்ததையும் கவனமாக மனதில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தியில் மறுபடியும் அதே பூட்ஸ், அதே சட்டை, அதே சந்து. வாய் எந்தப் பக்கம் முதலில் தொய்ந்தது என்பது சரியாகப் பதியவில்லை, அதற்காக... அவள் மறுபடியும் ஓடி வந்தாள்.

அதற்கடுத்த நாள் அவள் ஓடி வரவில்லை. அம்புரோஸ் சந்தில் நடந்து வந்தபோது கதவு ஏற்கெனவே விரியத் திறந்திருந்தது. காற்றில் விளக்கு ஆடியது. மேசையில் புகையில் வாட்டிய மீன், ரொட்டி, தேநீர். தட்டு மூன்று.

அம்புரோஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க மிஸ்டர் கெல்" என்றாள் ஹன்னா, நிமிராமல். "அவரு வந்துக்கிட்டிருக்காரு."

"யாரு?"

"நீங்கதான வழி காட்டுனீங்க."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அம்புரோஸ் கிளம்பிவிட்டார். சட்டையைத் திருப்பி வைக்கவில்லை. பெட்டியில் போட்டுக்கொண்டார்.

படம் வந்தது. அவர் நினைத்தபடியே ஆயிற்று. கிழவன் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற காட்சியில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டதாம். முதல்முறையாகப் பத்திரிகையில் பெயர் வந்தது. பஸ்ஸில் யாரும் கேஸ் ஆபீஸைப் பற்றிக் கேட்கவில்லை. எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அடுத்த குளிர்காலம். மான்செஸ்டரில் ஒரு நகைச்சுவை நாடகம். அம்புரோஸுக்குப் பழைய சோறு, பட்லர் வேஷம். ஒத்திகையில் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். இயக்குநர் நிறுத்தினார்.

"அம்புரோஸ், இந்த பட்லர் பங்களாவுல வேல பாக்குறான். கப்பல்ல இல்ல."

அம்புரோஸ் சிரித்துவிட்டுத் தோளை நிமிர்த்தினார். இரண்டு எட்டு சரியாக வந்தது. மூன்றாவதில் இடது தோள் தாழ்ந்தது. வசனத்துக்கு முன்னால் தொண்டைக்குள் "ம்..." என்றது. அவர் செய்யவில்லை. தானாக வந்தது.

பிறகு அந்த நாற்றம். தார், நனைந்த கம்பளி, மீன். ஒப்பனை அறையில் சுவர் முழுக்க அடித்தது. சாக்கடைக் குழாய் உடைந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் பின்வாசல் காவல்காரர் ஹோரஸ் சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார், "உங்கண்ணன் வந்திருக்காரு சார். மேல போய் உக்காரச் சொன்னேன்."

"எனக்கு அண்ணன் கிடையாதே ஹோரஸ்."

"அப்ப தம்பியா? நான் நடைய வச்சுச் சொன்னேன் சார். அச்சு அசலா உங்க நடை."

மேலே யாருமில்லை. கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. உட்காரும் பலகை ஈரம். கண்ணாடியில், முகம் இருக்க வேண்டிய உயரத்தில், மூச்சுப் பட்ட பனி... மெல்ல வற்றிக்கொண்டிருந்தது.

அம்புரோஸ் பலகையைத் துடைத்துவிட்டு ஒப்பனை போட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை ஆட்டம். அவர் பட்லரின் வால் வைத்த கோட்டை மாட்டி, கையுறை போட்டு, தன் முறை நெருங்கியதும் எழுந்தார். கதவுப் பிடியைத் திருகினார். திரும்பவில்லை. பிடி சில்லென்று இருந்தது, நனைந்திருந்தது. தோளால் முட்டினார். அசையவில்லை. வெளிப்பக்கத்திலிருந்து, தாழ்வாக, முழங்கால் உயரத்தில்... தட், தட்.

இரண்டே தட்டு.

அவர் கத்தினாரா என்று கேட்டால், இல்லை. குரல் எழும்பவில்லை. அப்போது தரைப்பலகை வழியாக நாடகம் கேட்டது. கதாநாயகி கிளாரிஸ் மணியை அடிக்கிறாள். பட்லர் உள்ளே வர வேண்டும். ஒரு நொடி மௌனம். போச்சு, ஆட்டம் நின்றது என்று நினைத்தார்.

கீழே அவருடைய குரல் கேட்டது. அவருடைய வசனம். அவருடைய உச்சரிப்பு, சுத்தமான பட்லர் உச்சரிப்பு. சபை சிரித்தது. ஒருநாளும் சிரிக்காத இடத்தில் சிரித்தது. அடுத்த வரிக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தது. காட்சி முடிந்தபோது கைதட்டல் கூரையைத் தொட்டது.

அதற்குப் பிறகு பிடி தானாகத் திரும்பியது. கதவு லேசாகத் திறந்துகொண்டது. படிக்கட்டில் கிளாரிஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"அம்புரோஸ், இத இத்தன வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்த நீ?" என்று அவர் கன்னத்தைத் தட்டினாள். பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆனா உன் கை ஏன்டா அப்படி சில்லுனு இருந்துச்சு? பாரு, என் கையுறையெல்லாம் தண்ணி."

பயம் இருந்தது. இல்லாமல் எப்படி? ஆனால் பயத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பொறாமை. வந்தது யாராக இருந்தாலும், அவரைவிட நன்றாகச் செய்திருந்தது.

அன்றிரவு அலமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தார். ஈரமாக இருந்தது. விளிம்பில் மணல். அடுப்பின் மேல் காயப்போட்டார். காலையில் மொறமொறவென்று காய்ந்திருந்ததை மடித்துப் பொட்டலம் கட்டினார். கட்டி முடிக்கும்போதே காகிதம் ஊறிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. ரயில் ஏறினார். ரயில் மாறினார். கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

இப்போது அந்த மேட்டுக்கு வந்துவிட்டோம்.

அம்புரோஸ் இறங்கி நடந்தார். பின்னால் யாரும் வரவில்லை, அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சாலையில் கேட்டது அவர் காலடி மட்டும்தான். லேசாக ஒன்று... அழுத்தமாக ஒன்று. நேராக நடக்கப் பார்த்தார். பட்லர் மாதிரி, போலீஸ்காரர் மாதிரி, பாதிரியார் மாதிரி. அத்தனை வருஷத்து நடைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் காலில் ஏறவில்லை. சரி, தன்னுடைய நடை? அது எப்படி இருக்கும் என்று நினைவுக்கே வரவில்லை.

ஊர் அடங்கிக் கிடந்தது. ஹன்னா வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். எட்டிப் பார்த்தார். மேசையில் சாப்பாடு. ஹன்னா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஓர் ஆள் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். சாம்பல் நிறக் கோட்டு. ஆணியில் அதற்கேற்ற தொப்பி தொங்கியது. எங்கோ பார்த்த தொப்பி.

அம்புரோஸ் தன் தலையைத் தடவினார். தொப்பி இல்லை. பஸ்ஸில் இருந்தது, நிச்சயமாக இருந்தது. கோட்டைப் பார்த்தார். கோட்டும் இல்லை. பொட்டலத்தில் இருந்த நீலச் சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஐஸ் மாதிரி. கக்கத்தில் வெறும் ஈரக் காகிதம்.

கையை ஓங்கிக் கதவைத் தட்டப் போனார். கை தானாகத் தாழ்ந்து, முழங்கால் உயரத்தில், விரல் முட்டியால்... தட், தட்.

ஹன்னா திறந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா?" என்றாள். "தாழ் போடாமதான கெடக்கு, எதுக்குத் தட்டுற?"

நான் அம்புரோஸ் கெல், நடிகன், உன்னிடம் பொய் சொன்னவன், சட்டையைத் திருடியவன், என்னை விட்டுவிடு... இதெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்தார். "ம்..." என்றது தொண்டை. பிறகு ஒரு கரகரத்த குரல் சொன்னது, "குளிருது ஹன்னா."

மேசையில் இருந்தவன் எழுந்தான். வாயைத் துடைத்தான். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். தோள் இரண்டும் ஒரே சீராக இருந்தன. விளக்கு பின்னால் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. வாசலுக்கு வந்தான். வந்து, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகத் தாழ்த்தி, ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றான். பெரிய மனிதரை உள்ளே விடுகிற மாதிரி.

அம்புரோஸ் உள்ளே போனார். கால் போயிற்று.

வெளியே, மேட்டைப் பார்த்து ஒரு காலடிச் சத்தம் ஏறியது. சீரான, நிதானமான சத்தம்.

"நிக்காத, உக்காரு" என்றாள் ஹன்னா, நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார் என்கிறாள் ஹில்டா. நல்ல பசி. மூன்று தட்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டாராம், நல்லபடியாக. விறகு பிளந்து கொடுப்பார், பாத்திரம் கழுவுவார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொட்டுப் பார்ப்பார். தொழிலையும் விடவில்லை. பட்லர், போலீஸ்காரர், கதவு திறக்கிறவர். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஒரே ஒரு வித்தியாசம். மனிதர்களை உற்றுப் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டார்.

அப்படியானால் அந்த இரவில் நடந்தது ஹில்டாவுக்கு எப்படித் தெரியும்? அதைத்தானே கேட்கிறீர்கள்... சொல்கிறேன்.

சில வருஷங்கள் கழித்து, அவள் போகிற சர்ச்சுப் பெண்கள் ஒரு கோடையில் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். எங்கே போகிறோம் என்பது ஏறிய பிறகுதான் முடிவாயிற்று. வழியில் தேநீர் குடிக்க ஒரு மீனவ ஊரில் நிறுத்தினார்கள். ஸ்டெய்ன்விக். அந்தப் பெயரை ஹில்டா அதுவரை கேட்டதில்லை. படகுத்துறைச் சுவரோரமாக ஒரு கிழவர் வலை சரிசெய்துகொண்டிருந்தார். நீலச் சட்டை. ஒரு தோள் தாழ்ந்திருந்தது. அவள் கடந்து போனபோது தொண்டைக்குள் முனகினார்.

"ம்... குட்டிக் குருவி."

அப்படி அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமா கூப்பிட்டது.

நான் இதுவரை சொன்னதையெல்லாம் அந்தக் கிழவர்தான் அவளுக்குச் சொன்னார். முகம் மாமாவுடையது இல்லை. குரலும் இல்லை. புருஷன் நினைவு தப்பி எங்கோ துறைமுகத்தில் கிடந்து திரும்பி வந்ததாக ஹன்னா சொன்னாளாம், ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரியென்றதாம்.

"வீட்டுக்கு வந்துடுங்களேன் மாமா" என்று ஹில்டா அழுதாள்.

"மேடு வரைக்கும் வருவேன். அதுக்கு மேல கால் வரமாட்டேங்குது" என்றார். "அவ கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

அவர் சொன்னதை ஹில்டா நம்பினாளா? குருவி என்று கூப்பிட்டதற்காக நம்பவில்லை என்கிறாள். அவள் அழுதபோது அந்தக் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தனவாம். விடாமல், கவனமாக, எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி. அப்போதுதான் நம்பினாள்.

இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தாள். மாமா சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தோல் ஒரே சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஹன்னாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்றார் அவர், நிமிராமல்.

ஹில்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டானா?"

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள்.

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நல்லா நடிக்கிறான், இல்ல?"